குட்டையாகிக்கொண்டே வந்த கட்டில்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நான் எழுத வந்தது இந்தக் கதையை அல்ல. வேறொரு நாவலை முடிப்பதற்காகத்தான் குற்றாலத்தில் அறை எடுத்தேன். சீசன் நேரத்தில் குற்றாலத்தில் அறை எடுத்து நாவல் எழுத நினைப்பவனின் புத்தியை நீங்களே கணித்துக்கொள்ளலாம். கீழே எண்ணெய் தேய்த்த கூட்டத்தின் கூச்சல், கூரைமேல் குரங்குகள், நடுவில் நான். போதாக்குறைக்குச் சாரல் ஈரத்தில் மேசையின் இழுப்பறை ஊதி இறுகிக்கொண்டது. நாவல் உள்ளே. இழுத்தேன், உதைத்தேன், கெஞ்சிக்கூடப் பார்த்தேன். வரவில்லை.

லாட்ஜ் மேனேஜர் எட்டிப் பார்த்தார். "இலஞ்சிப் பட்டறைக்குக் கொண்டு போங்க சார். ஆனா ஒண்ணு, அங்கன அவங்க செஞ்சு தரமாட்டாங்க. இழைப்புளியக் கையில குடுத்து உங்களையே செய்யச் சொல்லுவாங்க."

ஆட்டோவில் மேசையோடு போய் இறங்கினேன். இழுப்பறை திறந்தது. அதற்குள் அங்கே ஒரு கட்டிலைப் பற்றிப் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நாவலை எடுத்து எங்கே வைத்தேன் என்று இன்றுவரை நினைவில்லை.

கட்டில் கதையைச் சொன்னவர் பட்டறையை நடத்தும் மங்களேஸ்வரி. எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டபோது ஒரே நிபந்தனை வைத்தார்.

"எழுதிக்கிடுங்க. ஆனா என்னைய நல்லவளா ஆக்கிராதீய. இதுல நான் திருட்டு வேலை பாத்திருக்கேன்."

ஒப்புக்கொண்டேன். ஆகவே இது அவருடைய கதை. நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறேன். இடையிடையே மூக்கை நுழைப்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

தொடக்கம், முதல் முயற்சி:

"இலஞ்சியில் சாரல் விழுந்துகொண்டிருந்தது. மேற்கே மலையின் தலையில் மேகம் ஒரு —"

வேண்டாம். குற்றாலத்தைப் பற்றி எழுதுகிறவன் எவனும் முதல் வரியிலேயே நனைந்துவிடுகிறான்.

இரண்டாம் முயற்சி:

"சங்கிலிப்பாண்டி ஓய்வு பெற்ற சப்-இன்ஸ்பெக்டர். எத்தனையோ திருடர்களை மடக்கிப் பிடித்த அந்தக் கைகள் இப்போது உளியை —"

இதைப் படித்துக் காட்டியபோது மங்களேஸ்வரி சிரித்து டீயைச் சிந்திவிட்டார். "திருடனையா? அவரு சர்வீஸ் பூரா வயர்லெஸ் ரூம்ல இருந்தவரு சார். மைக்கப் பிடிச்ச கை அது. இப்பவும் என்ன பேசினாலும் கடைசியில 'ஓவர்'னு முடிப்பாரு."

மூன்றாம் முயற்சி:

"கட்டில் வாரத்துக்கு வாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது."

இது சரி. இதை வைத்துக்கொள்வோம். ஆனால் கட்டில் குட்டையாவதற்கு முன் அது உயரமாக இருக்க வேண்டுமல்லவா? அங்கிருந்து வருகிறேன்.

3

ஊர் அதைப் பட்டறை என்றாலும் வாசலில் எழுதியிருப்பது 'இலஞ்சி மரவேலை மன்றம்'. ஒரு காலத்தில் அப்பளம் போட்ட கம்பெனியின் கட்டடம். மங்களேஸ்வரி ஒரு பாலிடெக்னிக்கில் மரவேலைக் கூடத்தின் லேப் அசிஸ்டென்டாக இருந்தவர். அந்தப் பாலிடெக்னிக் மூடப்பட்டபோது மற்றவர்கள் சான்றிதழ்களை வாங்கிக்கொண்டு போனார்கள். இவர் ஏலத்தில் இயந்திரங்களை எடுத்தார். கடைசல் இயந்திரம், பட்டை ரம்பம், வேலை மேசைகள் எல்லாம் ஒரு லாரியில் இலஞ்சிக்கு வந்தன. யார் வேண்டுமானாலும் சேரலாம். மரம் உங்களுடையது, கருவி மன்றத்துடையது, தப்பும் உங்களுடையது. டீ மட்டும் எல்லாருக்கும் பொது. அவர் ஒருநாளும் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் எல்லாரும் அவரை டீச்சர் என்றே கூப்பிட்டார்கள். திருத்தித் திருத்தி அலுத்துப்போய் அவரும் விட்டுவிட்டார்.

உறுப்பினர்கள் பலர். இந்தக் கதைக்கு வேண்டியவர்கள் மூன்று பேர்தான். சங்கிலிப்பாண்டியைச் சொல்லிவிட்டேன். இன்னொருவர் கடையநல்லூர் அப்துல் மஜீது, எல்லாருக்கும் மஜீது பாய். துபாயில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் கணக்கு எழுதிவிட்டு ஊர் திரும்பியவர். மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா வைப்பதுபோல் இவர் ஒரு சின்ன ரசமட்டம் வைத்திருப்பார். கண்ணாடிக் குழாய்க்குள் குமிழி நடுவில் நிற்காத எந்தப் பொருளையும் அவரால் மன்னிக்க முடியாது. மூன்றாமவர் ஜெபமலர், தென்காசியில் ஸ்டாஃப் நர்ஸ். ஷிப்ட் முடிந்து நேராகப் பட்டறைக்கு வந்து, கிறிஸ்துமஸ் குடிலுக்கான ஆடு, மாடு, ஒட்டகங்களை வருடம் முழுக்கச் செதுக்குவார்.

சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரே ஒரு விதி: 'கேட்காமல் அடுத்தவர் வேலையில் கை வைக்காதீர்.'

[இந்த விதி வந்த கதை: ஜெபமலர் செதுக்கிய ஆட்டின் உடம்பெல்லாம் உளித்தடமாக இருந்ததை ஒருநாள் மஜீது பாய் பார்த்தார். மனசு கேட்கவில்லை. உப்புத்தாளை எடுத்து வழவழவென்று தேய்த்து வைத்துவிட்டார். அது ஆட்டின் ரோமம். "பாய், என் ஆட்ட மொட்டையடிச்சிட்டீயளே!" என்று ஜெபமலர் போட்ட சத்தத்தில் அந்த மாதம் முழுக்க இருவரும் பேசிக்கொள்ளவில்லை. மங்களேஸ்வரி அன்றைக்கே பெயிண்ட் டப்பாவைத் திறந்துவிட்டார்.]

4

சங்கிலிப்பாண்டி வைகாசியில் வந்து சேர்ந்தார். வரும்போதே பலா மரச் சட்டங்களை ஒரு டெம்போவில் ஏற்றிக்கொண்டு வந்தார்.

"டீச்சர், ஆவணியில எம் மக இசக்கிச்செல்விக்குக் கல்யாணம். கட்டில நானே செய்யணும். ஓவர்."

"இதுக்கு முன்ன என்ன செஞ்சிருக்கீய?"

"ஒண்ணும் செஞ்சதில்ல."

ஏன் செய்ய வேண்டும், கடையில் வாங்கினால் என்ன? என் முதல் வரைவில் ஒரு காரணம் எழுதியிருந்தேன். மகள் வளரும்போது அவர் பந்தோபஸ்து, நைட் டியூட்டி என்று அலைந்துவிட்டார், தொட்டிலாட்டாத கை கட்டிலாவது செய்யட்டும் என்று. எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது.

மங்களேஸ்வரி அதைக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா நெசம் அது இல்ல" என்றார்.

நிச்சயதார்த்தத்தன்று, பாவூர்சத்திரத்தில் காய்கறி மண்டி வைத்திருக்கும் மாப்பிள்ளையின் தகப்பனார் சிவசைலம், "கட்டிலு நீங்க தர வேண்டாம் சம்பந்தி. தேக்குல நாங்களே எடுத்துருக்கோம். கடைக் கட்டிலு ஒரு வருசத்துல கிறீச்சுனு சத்தம் போடும்" என்று சபையில் சொல்லியிருக்கிறார். உடனே இவர் வாயிலிருந்து, யோசனை வருவதற்கு முன்பே, "கடைக் கட்டிலுன்னு யாரு சொன்னா? எங் கையால செஞ்சு தாரேன்" என்று வந்துவிட்டது. அவ்வளவுதான். வீறாப்பு.

(என் காரணத்தை முழுதாகத் தூக்கிப்போட மனமில்லை. மேலேயே கிடக்கட்டும். வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள்.)

சங்கிலிப்பாண்டியைப் போல மகிழ்ச்சியாகத் தப்புச் செய்கிற ஒருவரை மங்களேஸ்வரி பார்த்ததே இல்லை. உளியை எதிர்ப்பக்கமாகப் பிடித்தார். பலகையை அறுக்கப் போய் வேலை மேசையையும் சேர்த்து அறுத்தார். தட்டிக்கொண்டே பாடுவார், அதுவும் ஒரே பாட்டின் முதல் இரண்டு வரி. பாட்டு வந்தால் பட்டறையில் எல்லாருக்கும் வேலை வேகமாக ஓடியது. கேள்வி கேட்டு, கேட்டதைச் செய்து, கெடுத்து, மறுபடி கேட்டு, ஆனி முடிவதற்குள் நான்கு காலும் நான்கு சட்டமுமாக ஒரு கட்டிலை நிமிர்த்தி நிறுத்திவிட்டார். பலாவின் மஞ்சள் நிறம் அந்த இடத்தையே வெளிச்சமாக்கியது. உயரம் முழங்காலுக்குச் சற்று மேலே. எல்லாரும் கை தட்டினார்கள்.

சங்கிலிப்பாண்டி பெருமையாக ஒரு மூலையில் கையை ஊன்றினார்.

கட்டில் ஆடியது.

5

"செட்டாயிரும்" என்றார் அவர். சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்.

மத்தியானம் பட்டறையில் யாருமில்லை. மங்களேஸ்வரி தூக்குவாளியைத் திறந்தார், மூடினார். கட்டில் அவரையே பார்ப்பதுபோல் இருந்தது. எழுந்து போய் ஒரு மூலையை அழுத்தினார். டக். மறு மூலையை அழுத்தினார். டக். ஜன்னல் பக்கத்துக் கால் ஒரு நூல் அளவு நீளம், அவ்வளவுதான். பாவூர்சத்திரத்து வீட்டில் சிவசைலம் சபை நடுவே அந்தக் கட்டிலில் உட்கார்வதும், டக் என்ற சத்தம் கேட்டு அவர் மீசைக்குள் சிரிப்பதும் மங்களேஸ்வரிக்குக் கண்முன் வந்தது. சங்கிலிப்பாண்டி கேட்டிருந்தால் ஒரு நிமிஷ வேலை. ஆனால் அவர் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டார்.

சுவரிலிருந்த சிவப்பு எழுத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சின்ன ரம்பத்தை எடுத்தார்.

இங்கே நான் "அவர் மனம் அடித்துக்கொண்டது" என்று எழுதியிருந்தேன். மங்களேஸ்வரி அதை அடிக்கச் சொன்னார். "அடிச்சுக்கிடவே இல்ல. அத்தன சந்தோசமா இருந்துச்சு. யாரும் பாக்காதப்ப ஒரு சீவலு சுத்தமா வெட்டுறது இருக்கே, அது திருட்டு மாங்கா மாதிரி."

வெட்டிய துண்டை முந்தானையில் முடிந்துகொண்டார். மூலையை அழுத்தினார். ஆடவில்லை.

சங்கிலிப்பாண்டி திரும்பி வந்து கையை ஊன்றிப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சொன்னேம்லா டீச்சர், செட்டாயிரும்னு! மரத்துக்கே ஒரு அறிவு இருக்கு. ஓவர்." பிறகு, சாய்மானப் பலகைக்கு வெளிச்சம் வேண்டும் என்று கட்டிலை இழுத்துக் கதவுப் பக்கம் போட்டார்.

மங்களேஸ்வரி அறியாத ஒன்றை இப்போது உங்களுக்குச் சொல்கிறேன். மறுநாள் காலையில் எல்லாருக்கும் முன்பே வந்த மஜீது பாய், வெறுமனே பழக்கத்தில் கட்டிலின் மேல் ரசமட்டத்தை வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. அவருக்கு வேர்த்துவிட்டது. சுற்றிலும் பார்த்தார். யாருமில்லை. ஒரு காலில் ஒரு சீவல். துண்டு ஸ்கூட்டர் பெட்டிக்குள் போனது.

அடுத்த நாள் சங்கிலிப்பாண்டி கட்டிலைக் கடைசல் இயந்திரத்தின் பக்கம் நகர்த்தினார். ஷிப்ட் முடிந்து வந்த ஜெபமலர் அதன்மேல் கைப்பையை வைத்தார். டக். "யேசப்பா, அந்தப் பிள்ள எப்படிப் படுக்கும்?" என்று முணுமுணுத்துக்கொண்டே இன்னொரு காலில் ஒரு சீவல். துண்டு கைப்பைக்குள்.

கட்டில் இடம் மாறும். கட்டில் ஆடும். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் வெட்டுவார்கள்.

6

கட்டில் வாரத்துக்கு வாரம் குட்டையாகிக்கொண்டே வந்தது.

முதலில் கண்டுபிடித்தது இசக்கிச்செல்வி. திருநெல்வேலியில் ஆயுதப்படைக் காவலர். லீவில் வந்தவள் கட்டிலைப் பார்க்க வந்தாள். சட்டத்தைத் தடவினாள். "நல்லா வந்திருக்குப்பா" என்று உட்கார்ந்தாள். உட்கார்ந்தாள் என்பது சரியான சொல் இல்லை, இறங்கினாள். முழங்கால் மோவாய்க்கு வந்துவிட்டது.

"எப்பா, இது கட்டிலா மணையா?"

சங்கிலிப்பாண்டி தலையைச் சொறிந்தார். "நான் போடும்போது உசரமாத்தான் இருந்துச்சு. டீச்சர், மரம் சுருங்குமோ?"

மங்களேஸ்வரியும் அப்போதுதான் கட்டிலைக் கண்திறந்து பார்த்தார். தான் வெட்டியதற்கு இவ்வளவு குறையாதே என்று மனசுக்குள் கணக்குப் போட்டார். ஆனால் வாய் வேறு சொன்னது.

"சுருங்கும். பலா கொஞ்சம் சுருங்கும்."

மஜீது பாய், "ஆமா, நல்லாச் சுருங்கும்" என்றார். ஜெபமலர், "ஈரக் காத்துல்லா" என்றார். மூன்று பேரும் ஒரே குரலில் பொய் சொன்னதை அவர்களில் ஒருவரும் கவனிக்கவில்லை.

இசக்கிச்செல்வி கவனித்தாள். ஸ்கூட்டியில் போகும்போது தகப்பனிடம் சொன்னாள்: "எப்பா, மரம் சுருங்குனா அகலமும்லா சுருங்கணும்? காலு மட்டுமா சுருங்கும்? யாரோ வெட்டுதாங்க."

7

(இந்தப் பகுதியைத்தான் நான் மிகவும் ரசித்து எழுதினேன். அதனால் நீளமாகிவிட்டது, பாதியை வெட்டிவிட்டேன். குட்டையாக இருந்தால் என்னையும் சந்தேகப்படலாம்.)

சனிக்கிழமை காலையில் சங்கிலிப்பாண்டி எல்லாருக்கும் கேட்கும்படி, "ஐந்தருவிக்குக் குளிக்கப் போறேன். சாயங்காலம்தான் வருவேன். ஓவர்" என்று அறிவித்துவிட்டுப் போனார். பின்பக்கமாகச் சுற்றி வந்து, பலகை அடுக்கின்மேல் கிடந்த தார்ப்பாய்க்குள் புகுந்துகொண்டார்.

டீச்சர் சாமான் வாங்கத் தென்காசி போன நேரத்தில் மஜீது பாய் வந்தார். ரசமட்டத்தை வைத்தார், 'ச்சு' கொட்டினார், ரம்பத்தை எடுத்தார். அந்த நேரம் வாசலில் செருப்புச் சத்தம். பாய் சட்டென்று பீரோவுக்குப் பின்னால் மறைந்தார். ஜெபமலர் வந்தார். கட்டிலை அழுத்தினார். டக். கைப்பையிலிருந்தே ரம்பத்தை எடுத்தார், வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறார். குனிந்த நேரம் மறுபடி காலடிச் சத்தம். ஜெபமலரும் அதே பீரோவுக்குப் பின்னால் ஓடினார். அங்கே ஏற்கெனவே ஓர் ஆள் கையில் ரம்பத்தோடு நிற்பதைப் பார்த்துக் கத்த வாயைத் திறந்தார். பாய் கும்பிட்டார்.

உள்ளே வந்தது மங்களேஸ்வரி. சாமான் பையைக் கீழே வைத்தார். வாசலைப் பார்த்தார். கட்டிலருகே மண்டியிட்டு, ரம்பத்தைக் காலில் வைத்தார்.

தார்ப்பாய் எழுந்து நின்றது.

"யாரும் அசையப்படாது!"

மங்களேஸ்வரியின் கையிலிருந்த ரம்பம் விழுந்தது. பீரோவுக்குப் பின்னாலிருந்து இன்னும் இரண்டு ரம்பங்கள் விழும் சத்தம் கேட்டது. இருவரும் கையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்கள். நான்கு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"எல்லாரும் வெட்டிருக்கீய" என்றார் சங்கிலிப்பாண்டி. தலையில் மரத்தூள். "என் சர்வீஸ்ல கையும் களவுமாப் பிடிச்ச மொத ஆளுங்க நீங்க மூணு பேருதான்."

ஜெபமலருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பாயும் சிரித்தார். மங்களேஸ்வரியும் சிரிக்கப் போனார். சங்கிலிப்பாண்டியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"பாய், நீரு எம் முன்னால ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்வே. சிஸ்டர், நீங்களும்தான். டீச்சர்…" தலையிலிருந்த தூளைத் தட்டிவிட்டுக்கொண்டார். "நான் கெடுத்தா கெடுத்ததாவே இருக்கட்டும்னு விட ஒருத்தருக்கும் மனசு வரலையே? நல்லாருக்குன்னு எம் முகத்துக்கு நேரா சொல்லிட்டு, முதுகுக்குப் பின்னால வெட்டிருக்கீய. இத்தன நாளு எங் கைக்கு வேல வந்திருச்சுன்னு நெனச்சு பாடிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்."

ஏப்ரனைக் கழற்றி ஆணியில் மாட்டினார். போய்விட்டார். 'ஓவர்' சொல்லவில்லை.

8

அந்த வாரம் பட்டறையில் பாட்டு இல்லை. வந்தவர்கள் அவரவர் வேலையைச் செய்தார்கள், டீயை ஆறவிட்டார்கள். மங்களேஸ்வரி ஒரு தடவை சங்கிலிப்பாண்டி வீட்டுத் தெருவரை போனார். என்ன சொல்வதென்று தெரியாமல் திரும்பிவிட்டார்.

[கதாசிரியனாக நான் இங்கே குறுக்கிட்டு இருவரையும் ஒரு மழையில் சந்திக்கவைத்துவிடலாம். ஒரு பக்கத்தில் முடிந்துவிடும். ஆனால் கேட்காமல் கை வைத்தவர்கள் பட்ட பாட்டை இப்போதுதான் பார்த்தோம். சும்மா இருக்கிறேன்.]

முடிவில் மங்களேஸ்வரிக்கு ஒரு வழிதான் தோன்றியது. குறைந்ததை ஈடுகட்டப் புதுக் கால்களாவது செய்து கொடுத்து மன்னிப்புக் கேட்பது. அதற்குப் பழைய அளவு வேண்டும். பாயையும் ஜெபமலரையும் கூப்பிட்டார்.

"வெட்டுன துண்டெல்லாம் வச்சிருக்கீயளா?"

ஸ்கூட்டர் பெட்டியிலிருந்தும் கைப்பையிலிருந்தும் முந்தானை முடிச்சிலிருந்தும் மஞ்சள் சீவல்கள் வந்தன. கட்டிலைக் கவிழ்த்துப் போட்டு, மரத்தின் ரேகையைப் பார்த்துப் பார்த்து எந்தத் துண்டு எந்தக் காலுக்கு என்று அடுக்கினார்கள். சங்கிலிப்பாண்டி கால்களை அளக்க வெட்டிவைத்த மூங்கில் குச்சி ஆணியில் தொங்கியது. ஜெபமலர் அதை எடுத்து முதல் காலில் வைத்தார். சரியாக இருந்தது. இரண்டாம் காலில் வைத்தார். சரியாக இருந்தது. மூன்றாவது. நான்காவது.

மஜீது பாய் குச்சியை வாங்கி மறுபடி ஒருமுறை நான்கிலும் வைத்துப் பார்த்தார்.

"நாலும் ஒண்ணாத்தான இருந்திருக்கு" என்றார் ஜெபமலர் மெதுவாக. "அப்ப எதுக்கு ஆடிச்சு?"

மஜீது பாய் சட்டைப் பையில் கை வைத்தார். முகம் வெளுத்திருந்தது. ரசமட்டத்தை எடுத்துக் குனிந்து, அதுவரை ஒருநாளும் வைக்காத ஓர் இடத்தில் வைத்தார். தரையில்.

குமிழி ஓரத்துக்கு ஓடி ஒளிந்துகொண்டது.

அப்பளக் கம்பெனிக்காரர்கள் கழுவிவிடுகிற தண்ணீர் வடியட்டும் என்று நான்கு பக்கமும் நடுவை நோக்கிச் சரித்துப் போட்ட தரை. நடுவிலிருந்த வடிகாலை யாரோ சிமெண்ட் போட்டு அடைத்திருந்தார்கள். இத்தனை வருடம் அதைக் கூட்டிப் பெருக்கிய மங்களேஸ்வரிக்குத் தெரியவில்லை.

"யேசப்பா!" என்று ஜெபமலர் தலையில் கை வைத்தார். "இங்க செஞ்ச ஸ்டூலு எங்க வீட்டுல ஆடுதுன்னு நான் தரை போட்ட மேஸ்திரியக் கூப்பிட்டுத் திட்டினேனே!"

"எங்க வீட்டு மேசையும் ஆடுது" என்றார் பாய். "நான் வீட்ட விக்கலாமான்னு யோசிச்சேன்."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. மூன்று பேரும் கவிழ்ந்து கிடந்த கட்டிலைச் சுற்றித் தரையில் உட்கார்ந்துகொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள். அந்தக் கோணல் தரையில் ஆடாதபடி காலை வெட்டிச் சரிசெய்து, அந்தப் பட்டறையிலிருந்து போன எல்லா ஸ்டூலும் எல்லா மேசையும் இந்த நேரத்தில் ஏதோ ஒரு வீட்டில் டக் டக் என்று ஆடிக்கொண்டிருக்கும். அங்கே நேராகச் செய்யப்பட்ட ஒரே பொருள் சங்கிலிப்பாண்டியின் கட்டில். அதைத்தான் திருத்தியிருக்கிறார்கள்.

9

சங்கிலிப்பாண்டி வீட்டில் மூவரும் வரிசையாக நின்றார்கள். அவர் நாற்காலியை விட்டு எழவில்லை. மனைவி ஆவுடைத்தாய் காப்பித் தம்ளர்களோடு கதவருகில் நின்றார்.

மங்களேஸ்வரி ஓரடி முன்னால் வந்தார். "உங்க கட்டிலு சரியாத்தான் இருந்துச்சு. நாலு காலும் அச்சுல வாத்த மாதிரி. கோணல் எங்க தரையில. நாங்கதான் கெடுத்தோம்."

சங்கிலிப்பாண்டி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னொருக்கச் சொல்லுங்க."

சொன்னார்.

"ஏட்டி ஆவுட, அங்கன நின்னா கேக்காது. இங்கன வா. டீச்சர், இன்னொருக்க."

மறுபடி சொன்னார். சங்கிலிப்பாண்டி எழுந்து வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டார். மறுபடி சொல்லவைத்தார். பிறகு போனை எடுத்துப் பாவூர்சத்திரத்துக்குப் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். மண்டி இரைச்சலுக்கு நடுவே சிவசைலத்தின் குரல் கேட்டது.

"சம்பந்தி, மன்றத்து டீச்சரு ஒங்கள்ட்ட ஒரு விசயம் சொல்லணும்ங்காங்க. லைன்ல இருங்க. ஓவர்."

மங்களேஸ்வரி ஐந்தாம் முறையோ ஆறாம் முறையோ, யார் எண்ணியது, சத்தமாகச் சொன்னார். "அப்ப தேக்குக் கட்டில எந் தம்பி மகனுக்குக் குடுத்திருதேன்" என்றார் சிவசைலம்.

போனை வைத்துவிட்டு சங்கிலிப்பாண்டி அவர்களைப் பார்த்தார். "கல்யாணத்துக்கு இன்னும் நாளு கெடக்கு. காலு குட்டையாப் போச்சு. எனக்குக் கடைசல் தெரியாது." ஒருமுறை மூச்சை இழுத்துக்கொண்டார். "ஆளுக்கு ஒரு காலுக்கு அடியில, பழைய உசரம் வர, ஒரு மரக் குமிழ் கடைஞ்சு போடுதீயளா? நாலாவத எனக்குச் சொல்லிக் குடுங்க, நான் போடுதேன். கேக்குதேன். கேட்டுட்டேன்."

ஆவுடைத்தாய் காப்பியைக் கொடுத்தார். ஆறிப்போயிருந்தது. எல்லாரும் குடித்தார்கள்.

10

குமிழ்கள் நான்கும் நான்கு மாதிரி வந்தன. பாயுடையது கணக்காக, கோடு கோடாக. ஜெபமலருடையதில் ஒரு ரோமமுள்ள ஆடு படுத்திருந்தது. மங்களேஸ்வரியுடையது பாடப்புத்தகப் படம்போல. சங்கிலிப்பாண்டியுடையது பூசணிக்காயா கும்பமா என்று இன்றும் பட்டறையில் வாக்குவாதம் நடக்கிறது. பட்டறைத் தரையை உடைத்து மட்டம் பார்த்துப் புதிதாகப் போட்டார்கள். மட்டம் பார்த்தவர் யாரென்று சொல்ல வேண்டியதில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமைகளில் ஊரிலிருந்து ஆடும் ஸ்டூல்களும் ஆடும் மேசைகளும் வரிசையாக வந்து இறங்கின. திருவிழாபோல இருந்தது என்கிறார் மங்களேஸ்வரி.

ஆவணியில் கல்யாணம். மூன்று பேரும் கட்டிலோடு டெம்போவில் பாவூர்சத்திரம் போனார்கள். சிவசைலமே ஒரு பக்கம் பிடித்து மாடியறைக்கு ஏற்றினார். கட்டிலைத் தரையில் வைத்தார்கள். சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் வாசலில் நெருக்கிக்கொண்டு நின்றார்கள். சிவசைலம் மீசையைத் தடவிவிட்டு, ஒரு மூலையில் கையை ஊன்ற —

இங்கே வந்து பேனா நின்றுவிட்டது.

முடிவு அ: கட்டில் மலைபோல நின்றது. சங்கிலிப்பாண்டி பாட்டின் இரண்டாவது வரியையும் தாண்டி மூன்றாவது வரியைப் பாடினார்.

முடிவு ஆ: டக். சிவசைலம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சே, எங்க வீட்டுத் தரை சரியில்ல" என்றார்.

முடிவு இ: இசக்கிச்செல்வி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து —

மங்களேஸ்வரியிடம் கேட்டேன். "நான் கண்ண மூடிக்கிட்டேன் சார்" என்றார். பாயிடம் கேட்டேன். அவர் படியிலேயே நின்றுவிட்டாராம். ஜெபமலர் ஜெபம் செய்துகொண்டிருந்தாராம். சங்கிலிப்பாண்டி சொல்லுவதை எந்தக் கதாசிரியனும் நம்பக் கூடாது. கடைசியில் இசக்கிச்செல்வியின் நம்பரை வாங்கிப் போன் செய்தேன். யாரென்று சொல்லி, எழுதுவதைச் சொல்லி, வாசகர்கள் காத்திருக்கிறார்கள் என்றும் சொல்லிக் கேட்டேன்.

"கட்டில் ஆடுதாம்மா, ஆடலையா?"

மறுமுனையில் அவள் என் கேள்வியை யாரிடமோ திருப்பிச் சொல்வது கேட்டது. பிறகு ஒரு சிரிப்பு. அவள் சிரிப்பு மட்டுமில்லை, பக்கத்தில் ஓர் ஆண் குரலும் சேர்ந்து சிரித்தது.

"ஏன் சார், கல்யாணம் ஆன வீட்டுல எங்க கட்டிலு ஆடுதா ஆடலையான்னு ஊருக்கு எதுக்குச் சார் சொல்லணும்?"

போனை வைத்துவிட்டாள்.

நியாயம்தான். எனக்கே இதற்குமேல் கேட்க வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு இல்லையென்றால், அ, ஆ, இ மூன்றும் மேலேதான் இருக்கின்றன.